முதுமையும் மூளையின் டோபமினும்

அரபு மொழியில் மனித வயதின் ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் உண்டு. இளைஞன் ‘ஷாப்’, நடுவயதை எய்தியவர் ‘கஹ்ல்’, நரை கண்டவர் ‘ஷைக்’, தளர்ந்து ஒடுங்கியவர் ‘ஹரிம்’. அறிவு கலங்கும் அளவுக்கு முதுமை முற்றினால் அந்நிலையைக் ‘கரஃப்’ என்பர். இலையுதிர் காலத்தைக் குறிக்கும் ‘கரீஃப்’ என்னும் சொல்லும் இதே வேரெழுத்துகளிலிருந்து பிறப்பதே. இச்சொற்களை நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறோம். ஆனால் ‘ஷைக்’ என்னும் படியிலிருந்து ‘ஹரிம்’ என்னும் படிக்கு ஒருவர் இறங்கும்போது அவருடைய தலைக்குள் நிகழ்வது என்ன என்பதை நாம் சிந்தித்ததில்லை.

சிந்திக்காமையின் விளைவு நம் இல்லங்களிலேயே தெரிகிறது. பாங்கு ஒலிக்கும் முன்பே பள்ளிவாசலில் இருந்த பெரியவர், இன்று அழைத்தாலும் எழுவதற்குத் தாமதிக்கிறார். ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்திவிடுகிறார். சற்றுமுன் சொன்னதை மீண்டும் கேட்கிறார். பிள்ளைகள் இதனைப் பிடிவாதம் என்கின்றனர். சிலர் ஈமானின் தளர்ச்சி என்றே தீர்ப்பளித்துவிடுகின்றனர். உண்மையைச் சொன்னால், நாமும் அவ்வாறு எண்ணியவர்களே. அத்தீர்ப்பு நீதியானதா என்பதை ஆராய, மூளையில் சுரக்கும் ஒரு சிறு வேதிப்பொருளைப் பற்றி அறிவது பயன்தரும். அதன் பெயர் டோபமின்.

டோபமின் என்பது யாது?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் டோபமினைச் சுரப்பவை சில இலட்சங்கள் மட்டுமே. அவற்றிற் பெரும்பாலானவை நடுமூளையில் அமைந்துள்ளன. அங்குள்ள ஒரு பகுதி கருநிறமாகக் காணப்படுவதால் இலத்தீன் மொழியில் ‘கரிய பொருள்’ என்று பொருள்படும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் பெயரைப் பெற்றது. நாம் இதனைக் கருந்திட்டு என்று குறிப்போம். இங்கிருந்து புறப்படும் நரம்பிழைகள் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதிக்குச் செல்கின்றன; உடலசைவு அதனால் சீராகிறது. அருகிலுள்ள அணுக்களின் இழைகள் நெற்றிக்குப் பின்னுள்ள முன்நெற்றிப் புறணிக்குச் செல்கின்றன. ஒன்றை மனத்தில் நிறுத்தி வைப்பதும், திட்டமிடுவதும், கவனம் சிதறாமல் காப்பதும் அப்பகுதியின் பணி.

சுரக்கும் முறை இதுவாகும். உணவிலிருந்து கிடைக்கும் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை நரம்பணு முதலில் எல்-டோபா என்னும் பொருளாகவும், பின்னர் டோபமினாகவும் மாற்றுகிறது. டோபமின் நுண்ணிய பைகளில் சேமிக்கப்படுகிறது. நரம்பணு தூண்டப்படும்போது அப்பைகள் திறந்து, இரு நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் டோபமின் வெளிப்படுகிறது. எதிர்ப்புறத்து அணுவிலுள்ள ஏற்பிகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. எஞ்சியதை, சுரந்த அணுவே கடத்திகள் வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆகவே ‘டோபமின் குறைந்தது’ என்று கூறும்போது, உற்பத்தி, வெளிப்பாடு, ஏற்பி, மீள்கடத்தல் ஆகிய நான்கில் எது குறைந்தது என்று கேட்க வேண்டும்.

மக்கள் பேச்சில் டோபமின் ‘மகிழ்ச்சிச் சுரப்பு’ எனப்படுகிறது. இது முழு உண்மையன்று. ஒரு பொருளை நாடி எழச் செய்வதும், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிப்பதும், அசைவைத் தொடங்கி வைப்பதுமே அதன் முதன்மைப் பணிகள்.

சர்ப்பகந்தியின் வழியாக

இந்த அறிவு வந்த வழியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. யூனானி மருத்துவத்தில் ‘அஸ்ரோல்’ எனவும், தமிழில் சர்ப்பகந்தி எனவும் வழங்கும் மூலிகையை 1931இல் டெல்லி திப்பியாக் கல்லூரியில் ஆராய்ந்தவர் வேதியியல் அறிஞர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகீ. அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு, தம்மை ஆதரித்த ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். அதே செடியிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். இரத்த அழுத்தத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் அது மருந்தாயிற்று.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்ஸன் 1957இல் முயல்களுக்கு இந்த ரெசர்பினைச் செலுத்தினார். அவை அசைவற்று ஒடுங்கின. பின்னர் எல்-டோபாவைச் செலுத்தியதும் மீண்டும் எழுந்து நடந்தன. ரெசர்பின் மூளையின் டோபமின் சேமிப்பை வெறுமையாக்கியிருந்தது. எல்-டோபா அதனை மீண்டும் நிரப்பியது. டோபமின் வேறொரு சுரப்பின் முன்னோடிப் பொருள் மட்டுமே என்று கருதப்பட்டு வந்த காலம் அத்துடன் முடிந்தது. வியன்னாவில் ஓலே ஹோர்னிகியேவிச் 1960இல், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். கார்ல்ஸனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு, வேறு இரு அறிஞர்களுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

குரங்குகளிடம் கற்ற பாடம்

முதுமையில் இச்சுரப்புக்கு என்ன நேர்கிறது என்பதை எலிகளிடம் மட்டும் அறிய முடியாது. அவற்றின் முன்மூளை மிகச் சிறியது. அவற்றின் ஆயுளும் இரண்டு மூன்று ஆண்டுகளே. எனவே ஆய்வாளர்கள் ரீசஸ் எனப்படும் செம்முகக் குரங்கை நாடினர். வட இந்தியாவின் ஊர்களிலும் கோயில்களிலும் திரியும் இனம் இது. தமிழகத்தில் நாம் காணும் குல்லாய்க் குரங்கின் உறவினம். இதன் ஓர் ஆண்டு மனிதரின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு நிகர். இருபத்தைந்து வயதுக் குரங்கு ஒரு முதியவர். பார்க்கின்சன் நோய் இவற்றுக்கு மனிதருக்கு வருவதுபோல் இயல்பாக வருவதில்லை. ஆகவே நோயின் கலப்பின்றி முதுமையை மட்டும் பார்க்க இவை இடமளிக்கின்றன.

1979இல் அமெரிக்காவில் பாட்ரீசியா கோல்ட்மேன் குழுவினர் செய்த ஆய்வு இத்துறையின் அடித்தளம். இரு குழிகளுள் ஒன்றில் குரங்கு பார்க்காதபடி உணவு வைக்கப்படும். பின் திரை இறங்கும். சில நொடிகள் கழித்துத் திரை உயரும்போது, முன்முறை உணவு இருந்த குழியை விட்டு மற்றக் குழியைக் குரங்கு தேர்ந்தெடுக்க வேண்டும். முன்நெற்றிப் புறணியில் டோபமினை மட்டும் அழித்தபோது, அப்பகுதியையே வெட்டி நீக்கியதற்கு ஏறத்தாழ நிகரான அளவுக்குக் குரங்குகள் தவறின. எல்-டோபா கொடுத்ததும் தேறின. பகுதி அப்படியே இருந்தும், சுரப்பு இல்லாவிடில் அது செயலற்றதாகிறது என்பது தெளிவாயிற்று.

1981இல் அதே அறிஞர், வயதான குரங்குகளின் மூளையைப் பகுதி பகுதியாக அளந்தார். டோபமினின் வீழ்ச்சி எங்கும் ஒரே சீராக இல்லை; முன்நெற்றிப் புறணியில் அது மிகுதியாக இருந்தது. முதிய குரங்குகள், திரை இறங்கியிருக்கும் நேரம் நீண்டால் குழியை மறந்துவிடுவதன் காரணம் இதனோடு பொருந்துகிறது.

அசைவைப் பொறுத்தவரை, வயதான செம்முகக் குரங்குகளின் கருந்திட்டில் டோபமின் ஆக்கும் அணுக்கள் குறைவதும், அவற்றின் இயக்கம் மந்தமாவதும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. டோபமின் நரம்பின் முனையில் மட்டும் வெளிப்படுவதில்லை. கருந்திட்டில் உள்ள அணுவுடலிலிருந்தும் வெளிப்பட்டு, அணுக்களின் வேகத்தை ஒழுங்குபடுத்துகிறது. உயிருள்ள குரங்கின் மூளையிலிருந்து நுண்குழாய் வழியே திரவத்தை எடுத்து அளந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. முனைகளில் நிகழும் ஒழுங்கைவிட, அணுவுடல் பகுதியில் நிகழும் ஒழுங்கே முதுமையால் மாறியிருந்தது என்பது அதன் முடிவு. வாய்க்காலின் கடைமடையை மட்டும் பார்ப்பவர் தண்ணீர் குறையவில்லை என்பார். தலைமதகில் இருப்பவரே மாற்றத்தை அறிவார். அதைப் போன்றதே இது.

டோபமின் அணுக்கள் எதைப் பேசுகின்றன என்பதையும் குரங்குகளே காட்டின. வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்னும் அறிஞர் தனித்தனி அணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு துளிப் பழச்சாறு கிடைத்தால் அணு துடிக்கிறது. ஒரு விளக்கு எரிந்த பின் பழச்சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், அணு பழச்சாற்றுக்கு அன்றி விளக்குக்கே துடிக்கிறது. விளக்கு எரிந்தும் பழச்சாறு வராவிடில், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு அடங்குகிறது. எதிர்பார்ப்புக்கும் நிகழ்வுக்கும் உள்ள இடைவெளியே டோபமின் சொல்லும் செய்தி என்பது இதனால் விளங்கிற்று. அச்செய்தி மெலிந்தால் புதியதைக் கற்பதும், புதியதை நாடி எழுவதும் மெலியும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடப்பது அறமாகாது. இந்த அறிவுக்காகப் பல உயிர்கள் துன்புற்றன. ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் அதற்காகவே தண்டனைக்கு உள்ளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். ஆய்வுக்கெனச் செம்முகக் குரங்குகளை ஏற்றுமதி செய்வதை இந்தியா 1978இல் தடை செய்தது. பெறப்பட்ட அறிவை முதியோர் நலனுக்குப் பயன்படுத்தாமல் வீணாக்கினால், அத்துன்பமும் வீணாகிவிடும்.

மனிதரிடம் கண்டவை

மனித மூளையை உயிருடன் படம்பிடிக்கும் பெட் என்னும் கதிரியக்க முறை வந்த பின், 1984இல் டோபமின் ஏற்பிகள் வயதோடு குறைவது மனிதரிடமும் காணப்பட்டது. 1998இல் நோரா வோல்கோ குழுவினர், நோயற்ற மனிதர்களிடமும் இக்குறைவு விரலசைவின் வேகத்தோடும் சிந்தனைத் திறனோடும் தொடர்புடையது என்று காட்டினர். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2017இல் வெளியான தொகுப்பு, முதுமையில் ஏற்பிகளும் கடத்திகளும் குறைகின்றன, ஆனால் டோபமினை ஆக்கும் திறன் அவ்வாறு குறைந்ததாகத் தெரியவில்லை என்று கூறுகிறது. கடத்திகள் குறைந்தால் வெளிப்பட்ட டோபமின் இடைவெளியில் சற்று அதிகநேரம் தங்கும். இது ஒருவகையில் இழப்பை ஈடுகட்டும் ஏற்பாடாகவும் இருக்கலாம்.

சரி, குறைந்ததை மருந்தால் நிரப்பிவிடலாமே என்று தோன்றும். விடை அவ்வளவு எளிதன்று. 1997இல் முதிய குரங்குகளுக்கு டோபமின் ஏற்பியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, சிறிய அளவு நினைவாற்றலைத் தேற்றியது. பெரிய அளவு கெடுத்தது. குறைவும் கேடு, மிகையும் கேடு, நடுநிலையே நலம். படைப்பில் ‘மீஸான்’ எனப்படும் சமநிலையை அல்லாஹ் அமைத்திருப்பதாக அர்ரஹ்மான் அத்தியாயம் உணர்த்துவதை நாம் ஓதுகிறோம். அதன் ஒரு சிறு சாட்சியை இங்குக் காண்கிறோம்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. 2011இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதிய குரங்குகளின் முன்நெற்றி அணுக்கள் நினைவைத் தாங்கும் நொடிகளில் சோர்ந்துவிடுவதைக் கண்டனர். அணுக்களைச் சூழ்ந்த வேதிச்சூழலை மருந்தால் திருத்தியபோது அவற்றின் துடிப்பு ஓரளவு மீண்டது. அணுக்கள் இறக்கவில்லை, சோர்ந்திருந்தன. 2013இல் எழுபது வயதை ஒட்டிய மனிதர்களுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்த ஆய்வில், சிலருக்குப் பலனிலிருந்து கற்கும் திறன் தேறியது. ஆனால் இவை ஆய்வுகளே. நோயற்ற முதுமைக்கு எல்-டோபா வழக்கமான மருந்தன்று.

முதுமையும் நோயும்

இங்கு ஒரு வேறுபாட்டை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். இயல்பான முதுமையில் கருந்திட்டின் அணுக்கள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவதாக 1991இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பார்க்கின்சன் நோயில் இழப்பு மிக விரைவானது. அது தாக்கும் இடமும் கருந்திட்டின் வேறொரு பகுதி. ஆகவே ஓய்வில் இருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குதல், காலைத் தேய்த்து நடத்தல், கையெழுத்து சிறுத்துப்போதல், முகம் பாவனையற்று உறைதல் போன்றவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்திக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள் டோபமின் ஏற்பிகளை அடைத்து, முதியோரிடம் இதே அறிகுறிகளை உண்டாக்கும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்வதும், தாமாக எதையும் நிறுத்தாமலிருப்பதும் கடமை.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு, முதுமையைத் தவிர என்னும் கருத்துள்ள நபிமொழியை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கின்றார். அதன் முற்பகுதி நோய்க்கு மருத்துவம் தேடச் சொல்கிறது. பிற்பகுதி முதுமையை முதுமையாக ஏற்கச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், நோயாளியை மருந்தின்றி விடுவோம். முதியவரையோ வீணே வருத்துவோம்.

முன்னோர் அறிந்த முதுமை

இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் வயதை நான்கு பருவங்களாகப் பிரித்தார்: ஏறத்தாழ முப்பது வரை வளர்ச்சி, நாற்பது வரை நிலைபேறு, அறுபது வரை வலிமை முற்றும் நீங்காத இறக்கம், அதன்பின் முதுமை. உடலின் இயல்பான ஈரம் வற்றுவதே முதுமையின் காரணம் என்று அவர் கருதினார். இன்றைய அறிவியல் ஈரத்தைக் கூறவில்லை. நரம்பணுக்களையும் ஏற்பிகளையும் கூறுகிறது. ஆயினும் இறக்கம் ஒரே நாளில் வருவதன்று, நடுவயதிலேயே தொடங்குவது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதைவிடக் கூர்மையான பணியைச் செய்தனர். நம்பகமான அறிவிப்பாளர் ஒருவருக்கு முதுமையில் நினைவு கலங்கினால் அதனை ‘இக்திலாத்’ என்றனர். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் ‘முகத்திமா’வில் இதற்கெனவே ஒரு தனிப்பிரிவை ஒதுக்கினார். அதா பின் அஸ்ஸாயிப் என்பாரிடம் முன்னர்ச் செவியுற்ற ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ, ஷுஃபா போன்றோரின் அறிவிப்புகளை ஏற்றனர். நினைவு கலங்கிய பின் செவியுற்றோரின் அறிவிப்புகளை ஏற்கவில்லை. இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவருடைய முதுமைக் குறைவை மறைக்கவில்லை; அதற்காக அவருடைய இளமையின் நேர்மையைப் பழிக்கவுமில்லை. நினைவின் தளர்ச்சியை நாணயத்தின் தளர்ச்சியாக எண்ணவில்லை.

ஜரீர் பின் ஹாஸிம் (ரஹ்) அவர்களின் வரலாறு இன்னும் உருக்கமானது. அவருடைய பிள்ளைகளும் ஹதீஸ் கற்றவர்கள். தந்தையின் நினைவு கலங்குவதை உணர்ந்ததும் அவரை மக்களிடமிருந்து விலக்கி வைத்தனர். கலங்கிய நிலையில் அவரிடமிருந்து எவரும் எதையும் செவியுறவில்லை. அப்பிள்ளைகள் தந்தையைக் கடிந்துகொண்டதாக அச்செய்தியில் ஒன்றுமில்லை. ஹதீஸையும் காத்தனர், தந்தையின் மானத்தையும் காத்தனர்.

‘அர்தலுல் உமுர்’ எனப்படும் தளர்ந்த வயதைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனமும், பலவீனத்திலிருந்து வலிமைக்கும் வலிமையிலிருந்து மீண்டும் பலவீனத்துக்கும் மனிதன் செல்வதைப் பற்றி அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனமும் பேசுகின்றன. இவ்வசனங்களில் டோபமினைத் தேடுவது முறையன்று. அறிவியலின் முடிவுகள் நாளை திருத்தப்படலாம். இறைமறையை அவற்றோடு பிணைப்பது மறைக்குப் பெருமை சேர்க்காது. மறை நமக்குச் சொல்வது, இத்தளர்ச்சி படைத்தவனின் ஏற்பாடு என்பதே. அது எக்காரணங்களின் வழியாக நிகழ்கிறது என்பதை ஆராய்வது நம் பணி. மனிதனின் நாட்டமும் வணக்கமும் வெறும் வேதிப்பொருளே என்றும் நாம் கூறவில்லை. நாட்டம் உள்ளத்தில் இருந்தும், அது செயலாவதற்குரிய கருவி தளர்ந்திருக்கலாம் என்றே கூறுகிறோம்.

ஷரீஅத் இதனை முன்பே கணக்கில் கொண்டுள்ளது. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். நோன்பு நோற்க இயலாத முதியவர் ஏழைக்கு உணவளிக்கலாம். அனஸ் (ரலி) அவர்களே முதுமையில் ஓரிரு ஆண்டுகள் அவ்வாறு ரொட்டியும் இறைச்சியும் அளித்து, நோன்பை விட்டார்கள் என்று ‘புகாரீ’யில் காண்கிறோம். நபித்தோழர் ஒருவர் தயக்கமின்றி ஏற்ற சலுகையை நம் தந்தை ஏற்கும்போது, அவருடைய ஈமானை அளக்க நாம் யார்?

இவற்றிலிருந்து நடைமுறைக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன. முதியவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எழுவதற்கும் விடையளிப்பதற்கும் அவருக்கு நேரம் தர வேண்டும். அவசரப்படுத்தினால் மன அழுத்தத்தில் முன்நெற்றிப் புறணி மேலும் குழம்பும். பொருள்களை வைத்த இடத்திலேயே வைத்தால் நினைவின் சுமை குறையும். தொடக்கமே அவருக்குக் கடினம். கைகொடுத்து எழுப்பிவிட்டால் நடையைத் தாமே தொடர்வார். மருத்துவர் அனுமதிக்கும் அளவில் நடைப்பயிற்சியும், மக்களோடு கலந்திருப்பதும் நன்மை தரும். பள்ளிவாசலுக்குத் துணையோடு அழைத்துச் செல்வது இரண்டையும் ஒருங்கே தருகிறது.

பெற்றோரிடம் ‘உஃப்’ என்றும் சொல்லலாகாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் கட்டளையிடும்போது, அவர்கள் முதுமையடையும் நேரத்தையே குறிப்பிட்டுச் சொல்கிறது. சலிப்பு எழும் நேரம் அதுவே என்பதைப் படைத்தவன் அறிவான். மும்முறை கேட்ட கேள்வியைத் தந்தை நான்காம் முறையும் கேட்கும்போது, அவருடைய நெற்றிக்குப் பின்னால் ஒரு சுரப்பு மெலிந்திருக்கலாம் என்பதை நினைவில் கொண்டால், அந்த ஒற்றைச்சொல் சலிப்பை விழுங்குவது நமக்கு எளிதாகும். ஐம்பதைக் கடந்த நம்முள்ளும் அந்த இறக்கம் தொடங்கிவிட்டது. இன்று நாம் அளிக்கும் பொறுமையையே நாளை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்றிருப்பார்கள்.